எந்த நாலு பேர்?

(ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'மனநிறைவு'. மனநிறைவு என்றதும் தியானம், மூச்சுப் பயிற்சி, அதிகாலை நடை என்று ஏதாவது சொல்லப் போகிறேன் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அதையெல்லாம் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் பேசப் போவது வேறு. ஒரு மனிதர் 'நான் நன்றாக இருக்கிறேன்' என்றோ 'என்ன வாழ்க்கை இது' என்றோ சொல்கிறாரே, அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது? அவருடைய கையில் இருப்பதிலிருந்தா? அவர் ஆசைப்படுவதிலிருந்தா? அவரைச் சுற்றி இருப்பவர்களிடமிருந்தா? இந்த மூன்று கேள்விதான் இன்றைய பேச்சு.

ஆண்டுதோறும் மார்ச் மாதம் 20ஆம் தேதியை ஒட்டி ஒரு செய்தி வரும். பார்த்திருப்பீர்கள். உலக மகிழ்ச்சி அறிக்கை. 2018ஆம் ஆண்டு தொடங்கி பின்லாந்துக்குத்தான் முதலிடம். 2025 அறிக்கையில் 147 நாடுகளில் இந்தியாவுக்கு 118ஆவது இடம். உடனே டீக்கடையில் சண்டை. 'பாகிஸ்தான் நமக்கு மேலேயாம்ல!' என்று ஒருவர். 'இதெல்லாம் வெள்ளைக்காரன் சதி' என்று இன்னொருவர். சண்டை போடட்டும். ஆனால் அந்தப் பட்டியலை எப்படித் தயாரிக்கிறார்கள் என்று யாராவது கேட்டோமா?

ஒரே ஒரு கேள்விதான். அதை இப்போது உங்களிடமே கேட்கிறேன். கையைத் தூக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவும் வேண்டாம். மனசுக்குள்ளே பதில் சொன்னால் போதும். ஒரு ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் பூஜ்யம், உச்சியில் பத்து. உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை பத்தாவது படியில் இருக்கிறது. மிக மோசமான வாழ்க்கை பூஜ்யத்தில் கிடக்கிறது. இன்று நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

சொல்லிவிட்டீர்களா? நல்லது. நீங்கள் சொன்ன எண் எதுவாகவும் இருக்கட்டும். நான் கேட்பது வேறு கேள்வி. அந்தப் பத்தாவது படியில் என்ன வைத்தீர்கள்? அங்கே இருந்தது யாருடைய வாழ்க்கை?

இந்த ஏணியைக் கொண்டு வந்தவர் ஹேட்லி காண்ட்ரில் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர். 1960களின் தொடக்கத்தில் இந்தியா உட்படப் பல நாடுகளில் மக்களிடம் இந்த ஏணியைக் காட்டிக் கேட்டார். எண்ணை மட்டும் கேட்டுக்கொண்டு போகவில்லை; உச்சிப் படியில் என்ன இருக்கிறது என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டார். 1965இல் அது புத்தகமாக வந்தது. அதில் நம் நாட்டு விவசாயக் கூலி ஒருவர் சொன்னது இருக்கிறது. அவருக்கு ஒரு மகன் வேண்டும். அடுத்தவர் நிலத்திலேயே உழைத்துக்கொண்டிருப்பதால் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வேண்டும். ஒரு வீடு கட்ட வேண்டும். பாலுக்கும் நெய்க்கும் ஒரு மாடு. மனைவிக்குக் கொஞ்சம் நல்ல துணி. அவ்வளவுதான் அவருடைய பத்தாவது படி. அதே புத்தகத்தில் ஒரு அமெரிக்கரும் பேசுகிறார். வீட்டைப் பராமரிக்க நல்ல வருமானம், புதுக் கார், நான்கு பிள்ளைகளுக்கும் தனியார் பள்ளி, கூடவே ஒரு படகு.

மாடு கிடைத்துவிட்டால் நம்மவர் பத்தாவது படிக்கு அருகில். படகு கிடைக்கவில்லை என்றால் அமெரிக்கர் ஏழாவது படியில். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே ஏணியில் நிற்கவும் இல்லை.

இந்தப் பதில்களையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு 1974இல் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் என்ற பொருளியல் பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே நாட்டுக்குள் பார்த்தால் பணக்காரர், ஏழையை விட மனநிறைவோடு இருக்கிறார். சரி, எதிர்பார்த்ததுதான். ஆனால் நாடே பணக்கார நாடாக ஆகும்போது? இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவைப் பார்த்தார். வருமானம் ஏறிக்கொண்டே போனது. மகிழ்ச்சி அதற்கு ஏற்ப ஏறவில்லை. ஏன்? எல்லோருடைய வருமானமும் ஏறும்போது எல்லோருடைய ஏணியும் உயர்ந்துவிடுகிறது. நீங்கள் ஒரு படி ஏறுகிறீர்கள். உச்சியும் ஒரு படி தள்ளிப் போகிறது. பொருளியல் உலகில் இது இன்றும் தீராத வழக்கு. 2008இல் ஸ்டீவன்சன், வுல்ஃபர்ஸ் என்ற இருவர் பல நாட்டுப் புள்ளிவிவரங்களோடு வந்து, அப்படியில்லை, வருமானம் கூடினால் மனநிறைவும் கூடத்தான் செய்கிறது என்று வாதாடினார்கள். ஈஸ்டர்லின் விடவில்லை. 2024இல் தம்முடைய 98ஆவது வயதில் காலமானார். அதுவரை பதில் எழுதிக்கொண்டிருந்தார். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. அது புள்ளியியல்காரர்கள் பாடு. எனக்கு வேண்டியது, ஏணியின் உச்சியை யார் நகர்த்துகிறார்கள் என்பது.

அதைத் தெரிந்துகொள்ள நாம் எங்கும் போக வேண்டாம். 'நாலு பேர் என்ன சொல்வாங்க?' இந்தக் கேள்வியைக் கேட்காமல் தமிழ்நாட்டில் ஒரு வீடு கட்டப்பட்டிருக்கிறதா? ஒரு கல்யாணம் நடந்திருக்கிறதா? மண்டபம் பெரிதாகப் பிடிப்பது நாலு பேருக்காக. இலையில் இருபத்தோரு வகை வைப்பது நாலு பேருக்காக. பெண்ணுக்கு எத்தனை பவுன் என்பது நாலு பேர் காதில் விழ வேண்டும் என்பதற்காக. கடனை மட்டும் தனியாக அடைக்கிறோம். அதற்கு அந்த நாலு பேர் வருவதில்லை!

சரி, அந்த நாலு பேர் யார்? அம்பானியா? இல்லை. அவர் வீட்டுக் கல்யாணத்தைத் தொலைக்காட்சியில் வேடிக்கை பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவோம். தூக்கம் கெடுவது எப்போது? நம்மோடு படித்தவன், நம்மோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன், நம் சித்தப்பா மகன் வீட்டின் மேல் மாடி எடுக்கும்போது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் ஐந்து லட்சம் சிப்பாய்களுக்கும் மேற்பட்டவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். சாமுவேல் ஸ்டௌஃபர் என்ற சமூகவியலாளர் தலைமை. 1949இல் வெளியானது. அதில் ஒரு வேடிக்கை. விமானப் படையில் பதவி உயர்வு மளமளவென்று கிடைக்கும். ராணுவப் போலீசில் ஆமை வேகம். 'பதவி உயர்வு முறை எப்படி?' என்று கேட்டார்கள். யார் குறைப்பட்டுக்கொண்டிருப்பார்கள்? போலீஸ்காரர்கள் என்றுதானே நினைப்போம்? அதிகம் குறைப்பட்டது விமானப் படை! போலீசில் பக்கத்துப் படுக்கைக்காரனுக்கும் உயர்வு கிடைக்கவில்லை, இவனுக்கும் கிடைக்கவில்லை, கணக்கு சரி. விமானப் படையில் பக்கத்துப் படுக்கைக்காரன் போன மாதமே பட்டை தைத்துக்கொண்டுவிட்டான். உயர்வு கிடைக்காதவனுக்கு எரிகிறது. உயர்வு கிடைத்தவனுக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை, எல்லோருக்கும்தானே கிடைக்கிறது என்று!

இதுவரை கேட்டவர்கள், 'இது பொறாமைக் கதை, நமக்குத் தெரிந்ததுதானே' என்று நினைக்கலாம். அங்கேதான் சீனாவுக்குப் போக வேண்டும். கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்கிறேன்.

சீனாவில் 1958இலிருந்து ஹுகோ என்றொரு பதிவு முறை. நீங்கள் கிராமத்துக் குடும்பத்தில் பிறந்தால் கிராமப் பதிவு. நகரத்துக் குடும்பத்தில் பிறந்தால் நகரப் பதிவு. நம் குடும்ப அட்டை மாதிரி வீடு மாறியதும் மாற்றிக்கொள்ளக் கூடியது அல்ல அது. கிட்டத்தட்டப் பிறப்போடு ஒட்டியது. பிறகு தொழிற்சாலைகள் வந்தன. கிராமத்திலிருந்து கோடிக்கணக்கானவர்கள் நகரத்துக்குப் போனார்கள். கட்டடம் கட்டினார்கள், பொம்மை செய்தார்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவினார்கள். ஆனால் பதிவு கிராமத்தில். அதனால் அப்போது நகரத்து அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது பெரும்பாடாக இருந்தது. நகரவாசிக்குக் கிடைத்த மருத்துவச் சலுகை கிடையாது. வீட்டு வசதி கிடையாது.

2002இல் அங்கே ஒரு பெரிய குடும்ப வருமானக் கணக்கெடுப்பு நடந்தது. 'மொத்தத்தில் நீங்கள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்?' என்ற கேள்வியும் அதில் இருந்தது. அந்தப் பதில்களை ஆராய்ந்தவர்கள் ஆக்ஸ்போர்டின் ஜான் நைட்டும் இலங்கைப் பொருளியல் அறிஞர் ரமணி குணதிலகவும். பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண். அப்போது நகரத்தவரின் வருமானம் கிராமத்தவரைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆகவே நகரத்தார் முதலிடம், நகரத்துக்குப் போய்ச் சம்பாதிக்கும் கிராமத்தார் இரண்டாமிடம், கிராமத்திலேயே கிடப்பவர் கடைசி. இப்படித்தானே வர வேண்டும்?

வந்தது என்ன? கிராமத்தில் இருந்தவர்களுக்குச் சுமார் 2.7. நகரத்தாருக்கு 2.5. கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போனவர்களுக்கு 2.4. ஊரில் இருப்பவர்களைப் போல இருமடங்குக்கு மேல் சம்பாதிக்கிறவர்கள்தான் கடைசியில் நிற்கிறார்கள்!

ஏன்? முதலில் ஆய்வாளர்களுக்கே சந்தேகம். ஒருவேளை இயல்பிலேயே மனக்குறை உள்ளவர்கள்தான் ஊரை விட்டுக் கிளம்பினார்களோ? சோதித்துப் பார்த்தார்கள். அதை வைத்து இந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை. நகரத்து வாழ்க்கையின் சிரமங்களா? ஓரளவு. பெரிய காரணம் வேறு. கிராமத்தில் இருப்பவரிடம் 'யாரோடு உங்களை ஒப்பிடுகிறீர்கள்?' என்று கேட்டால் பெரும்பாலோர் அக்கம்பக்கத்தாரை, தங்கள் ஊர்க்காரர்களைத்தான் சொன்னார்கள். நகரத்துக்காரனை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. அந்த ஊரில் அவர் நடுத்தரம் என்றால் மனசிலும் நடுத்தரம். நகரத்துக்குப் போனவருக்கு நாலு பேர் மாறிப் போனார்கள். அவர் வந்து சேர்ந்தது நகரத்து ஏணியின் அடிப்படியில். பழைய நாலு பேர் பார்வையில் அவர் பெரிய ஆள். ஆனால் அந்த நாலு பேர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறார்கள். வருமானம் ஏறியது, ஆசை அதைவிட வேகமாக ஏறியது.

சீனாவை விடுங்கள். நம் திருப்பூருக்கு வாருங்கள். ஒடிசாவிலிருந்து, பீகாரிலிருந்து வந்து பவர் டேபிளில் உட்கார்ந்து பனியன் தைக்கும் இளைஞர்களைப் பாருங்கள். சனிக்கிழமை சம்பளம். அன்று இரவே ஊருக்குப் பணம் போகிறது. அங்கே அந்தப் பணத்தில் தங்கைக்குக் கல்யாணம், கூரைக்குப் பதில் தளம். ஊர்த் திருவிழாவுக்குப் போனால் அவர்தான் பெரிய விருந்தாளி. கையில் நல்ல போன், காலில் நல்ல ஷூ. திரும்பி ரயிலேறி இங்கே வந்து இறங்கினால்? லைன் வீட்டில் ஒரு அறைக்குள் ஆறு பேர். கடைத்தெருவில் அவருக்கு ஒரே பெயர்: வடக்கன். சொந்தப் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்? ஒரே மனிதர், ஒரே சம்பளம், இரண்டு ஏணி. அங்கே ஒன்பதாவது படி, இங்கே இரண்டாவது படி. 'நீ சந்தோஷமாக இருக்கிறாயா தம்பி?' என்று கேட்டால் அவர் எந்த ஏணியைப் பார்த்துப் பதில் சொல்வார்?

அவருடைய குறையை வெறும் பொறாமை என்று சொல்ல முடியுமா, நண்பர்களே? இந்த ஊரில் உழைக்கிறேன், இந்த ஊரில் ஒருவனாக என்னைப் பாருங்கள் என்று அவர் எதிர்பார்க்கிறார். சீனத்துத் தொழிலாளியும் அதைத்தான் எதிர்பார்த்தார். அது நியாயமான ஆசை.

நாலு பேரை இவ்வளவு திட்டிவிட்டேன். அவர்களுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் பாவம். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில், கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் போயிருக்கிறீர்களா? மொய் விருந்து! கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது, பந்தல் மட்டும் இருக்கும். உள்ளே கறிச் சோறு. வாசலில் மேசை போட்டு இரண்டு பேர். ஒருவர் பணத்தை எண்ணுவார். மற்றவர் பிள்ளையார் சுழி போட்ட நோட்டில் ஊர், பெயர், தொகை மூன்றையும் எழுதுவார். ஒரே நாளில் ஒருவர் கையில் பெருந்தொகை சேர்ந்துவிடும். ஆழ்துளைக் கிணறு போடலாம், பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கலாம். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. நாளைக்கு மொய் எழுதியவர்கள் விருந்து வைக்கும்போது நோட்டைப் புரட்டிப் பார்த்து, வாங்கியதற்குக் குறையாமல் திருப்பிச் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் என்ன? நாலு பேர் என்ன சொல்வார்கள்!

அளக்கிறவர்களும் அவர்கள்தான், தாங்குகிறவர்களும் அவர்கள்தான். கடைசிப் பயணத்தில் தூக்கிப் போகிறவர்களும் அந்த நாலு பேர்தான். கொல்கத்தாவின் சேரிகளிலும் நடைபாதைகளிலும் வாழ்பவர்களிடம் ராபர்ட் பிஸ்வாஸ்-டீனர், எட் டீனர் என்ற உளவியலாளர்கள், மகனும் தந்தையும், பேட்டி எடுத்து 2001இல் எழுதினார்கள். எதிர்பார்த்த அளவுக்கு அவர்கள் மனம் இருண்டு கிடக்கவில்லை. குடும்பம், நட்பு என்று கேட்டபோது நிறைவாகவே பேசினார்கள். பிறகு அமெரிக்காவில் வீடற்றவர்களிடமும் அதையே கேட்டார்கள். அவர்களுக்குக் கையில் கிடைப்பது கொல்கத்தாக்காரரை விட அதிகம், நிறைவு குறைவு. அவர்களைச் சுற்றி ஆள் இல்லை.

இந்த இடத்தில் ஒரு பெரியவர் எழுந்து, 'அப்படியென்றால் ஐயா, போதும் என்ற மனம்தானே மருந்து? ஆசையைக் குறைத்துக்கொண்டால் எல்லோரும் பத்தாவது படியில் இருக்கலாமே?' என்று கேட்கக்கூடும். நல்ல கேள்வி. நம் முன்னோர் சொன்னதுதான். வசதி உள்ளவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் நான் கை தட்டுவேன். ஆனால் அதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பாருங்கள். முதலாளி தொழிலாளியிடம் சொல்கிறார். அண்ணன் தங்கையிடம் சொல்கிறார். மாமியார் மருமகளிடம் சொல்கிறார். 'இருப்பதைக் கொண்டு சந்தோஷமாக இரு' என்று மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவரிடம் சொல்லும்போது அதற்கு என்ன பொருள்? நீ அங்கேயே இரு, நான் இங்கேயே இருக்கிறேன் என்பதுதான் பொருள்.

இதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். கேட்டால் நெஞ்சு அடைக்கும். 1943இல் வங்கப் பஞ்சம். மறு ஆண்டு, 1944இல், கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூரில் ஒரு சுகாதாரக் கணக்கெடுப்பு. மனைவியை இழந்த ஆண்களையும் கணவனை இழந்த பெண்களையும் தனித்தனியாகக் கேட்டார்கள்: உடம்பு எப்படி இருக்கிறது? ஆண்களில் 48.5 சதவீதம் பேர் 'நோயாக இருக்கிறேன்' அல்லது 'அவ்வளவு நன்றாக இல்லை' என்றார்கள். பெண்களில் எத்தனை பேர்? 2.5 சதவீதம். இதில் 'அவ்வளவு நன்றாக இல்லை' என்ற பதிலை மட்டும் தனியாகப் பாருங்கள். ஆண்களில் 45.6 சதவீதம். பெண்களில் ஒருவர்கூட இல்லை. ஒருவர்கூட!

பஞ்சத்தில் அடிபட்ட வங்கத்தில், அந்தக் காலத்து விதவைகள். ஒருவேளைச் சாப்பாடு, உரிமை இல்லாத மூலை, வெள்ளைச் சேலை. அவர்களா ஆண்களைவிட ஆரோக்கியமாக இருந்தார்கள்? இந்தக் கணக்கைப் பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் எடுத்துக்காட்டுவது இதற்காகத்தான். அந்தப் பெண்களுக்கு ஏணி இருந்தது. ஆனால் அதில் படிகளையே வெட்டி எடுத்துவிட்டார்கள். உடம்பு நன்றாக இருப்பது என்றால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே யாரும் விடவில்லை. குறை சொல்லவும் ஒரு உரிமை வேண்டும், நண்பர்களே. அந்த உரிமை இல்லாத இடத்தில் எடுக்கும் மகிழ்ச்சிக் கணக்கு பொய்க் கணக்கு.

சென் 2002இல் ஒரு மருத்துவ இதழில் இன்னொன்றும் எழுதினார். பக்கத்து மாநிலம் கேரளம். அப்போது இந்தியாவிலேயே நீண்ட ஆயுள் அங்கே. 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று அதிகம் பேர் சொல்வதும் அங்கேதான். பீகாரில் ஆயுள் குறைவு; சரியில்லை என்று சொல்பவர்களும் மிகக் குறைவு. அதனால் பீகாரில் ஆஸ்பத்திரி வேண்டாமா? படித்தவர், ஆஸ்பத்திரியைப் பார்த்தவர், டாக்டரிடம் பேசிப் பழகியவர்தான் தனக்கு ஒன்று சரியில்லை என்று கண்டுகொள்கிறார்.

அதனால்தான் சொல்கிறேன்: எல்லாக் குறையும் நோய் அல்ல. சில குறைகள் விழிப்பு. நேற்று வரை பேசாதிருந்த பெண் இன்று முகம் சுளித்தால் வீட்டில் உள்ளவர்கள் 'டிவி பார்த்துக் கெட்டுப் போய்விட்டாள்' என்பார்கள். பார்த்துத்தான் மாறினாள்! கேபிள் டிவி புதிதாக நுழைந்த கிராமங்களில் 2001 முதல் 2003 வரை நடந்த ஓர் ஆய்வில் தமிழ்நாட்டுக் கிராமங்களும் உண்டு. கேபிள் வந்த ஊர்களில், கணவன் அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். நம் மெகா சீரியல்களை நான் மெச்சிச் சொல்வது இதுவே முதலும் கடைசியும்.

தேவராஜ் ராய் என்ற பொருளியல் அறிஞர் இப்படி மற்ற வாழ்க்கைகள் கண்ணில் படுவதை ஒரு சாளரம் என்கிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜன்னல். அதன் வழியே தெரிகிற வாழ்க்கைகளிலிருந்துதான் தன் ஆசையை ஒருவர் எடுத்துக்கொள்கிறார். ஜன்னலில் தன்னைப் போன்றவர்கள் மட்டுமே தெரிந்தால் ஆசை முளைக்காது. எட்டவே முடியாத மாளிகை மட்டும் தெரிந்தால் முளைத்த ஆசையும் கருகிவிடும். கொஞ்சம் எட்டினால் பிடிக்கலாம் என்ற தூரத்தில் ஒருவர் தெரிய வேண்டும். அப்போதுதான் கால் நகரும்.

அப்படி ஒருவரைத் தெரிய வைக்க முடியுமா? முடியும். மேற்கு வங்கத்தில் பீர்பூம் மாவட்டம். 1993ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஊராட்சித் தலைவர் பதவியில் மூன்றில் ஒன்றைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். எந்த ஊர் என்பது சுழற்சி முறையில் வரும். யாரும் விரும்பித் தேர்ந்தெடுத்த ஊர் அல்ல. அதனால் பெண் தலைவர் வந்த ஊரையும் வராத ஊரையும் நேர்மையாக ஒப்பிடலாம். லோரி பீமன், எஸ்தர் டுஃப்லோ, ரோகிணி பாண்டே, பெட்டியா டோபலோவா ஆகிய நால்வரும் 495 கிராமங்களில் ஒப்பிட்டு 2012இல் எழுதினார்கள். பெற்றோர் மகனுக்கு ஆசைப்படுவதும் மகளுக்கு ஆசைப்படுவதும் ஒன்றல்ல, தெரிந்ததே. இரண்டு தவணை தொடர்ந்து பெண் தலைவருக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் அந்த இடைவெளி பெற்றோரிடம் 25 சதவீதம் குறைந்தது. பிள்ளைகளிடம் 32 சதவீதம். பள்ளிப் படிப்பில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி மறைந்தே போனது. பெண்பிள்ளைகள் வீட்டு வேலையில் செலவிட்ட நேரமும் குறைந்தது. இத்தனைக்கும் அந்தத் தலைவிகள் பெண்களுக்கென்று பெரிய வேலை வாய்ப்பைக் கொண்டுவந்துவிடவில்லை. அவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் பார்த்தார்கள்.

இன்னொருவரைச் சொல்ல வேண்டும். நம்மவர். ஜாக்கின் அற்புதம். கோலார் தங்க வயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பிழைக்க மும்பைக்குப் போய் ஜனதா காலனி என்ற சேரியில் தச்சு வேலை செய்து வாழ்ந்தவர். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், அந்தச் சேரியை இடித்துத் தள்ளினார்கள். அவர் ஊர் திரும்பவில்லை. சேரிவாசிகளின் தேசியக் கூட்டமைப்பைக் கட்டி எழுப்பினார். 2000இல் மகசேசே விருது, 2011இல் பத்மஸ்ரீ. 2018இல் மறைந்தார். விருதுக்காகச் சொல்லவில்லை. அவரும் அவரோடு இருந்த நடைபாதைப் பெண்களின் 'மகிளா மிலன்' அமைப்பும் செய்த ஒரு காரியத்துக்காகச் சொல்கிறேன்.

வீட்டுக் கண்காட்சி நடத்தினார்கள். யார்? வீடே இல்லாதவர்கள்! தங்களுக்கு வேண்டிய வீட்டை மரச்சட்டமும் துணியும் வைத்து முழு அளவில் நிறுத்தினார்கள். பெண்கள் உள்ளே நடந்து பார்த்தார்கள். அடுப்படி எங்கே? தண்ணீர்க் குடம் எங்கே? கூரையைக் கொஞ்சம் உயர்த்தினால் உள்ளேயே ஒரு அரை மாடி வைக்கலாமே, பிள்ளைகள் மேலே படுக்கலாமே! ஒருத்தி சொல்ல இன்னொருத்தி மறுக்க, விவாதம். அதிகாரிகளையும் அழைத்து உள்ளே நடக்க வைத்தார்கள். கழிப்பறைகளுக்கும் இதே மாதிரி விழா. 'சண்டாஸ் மேளா' என்றே பெயர். மும்பையில் பிறந்த மானிடவியல் அறிஞர் அர்ஜுன் அப்பாதுரை இவர்களோடு பழகித்தான், ஆசைப்படுவதும் ஒரு திறமை என்று 2004இல் எழுதினார். வசதி உள்ளவர்களுக்கு அந்தத் திறமை சின்ன வயதிலிருந்தே பழகிவிடுகிறது: எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, யாரைப் பார்க்க வேண்டும், எங்கே கையெழுத்துப் போட வேண்டும். ஏழைகளுக்குப் பழகிக்கொள்ள இடமே கிடைப்பதில்லை. தனியாக ஒருத்தி 'எனக்கு ஒரு வீடு வேண்டும்' என்று நினைத்தால் அது கனவு. இருநூறு பேர் கூடி நின்று அடுப்படி எத்தனை அடி என்று சண்டை போட்டால் அது திட்டம்.

அங்கேயும் நாலு பேர் இருந்தார்கள், பாருங்கள். நீ எங்கள் அளவுக்கு இல்லை என்று சொல்லும் நாலு பேர் இல்லை அவர்கள். வா, சேர்ந்து அளப்போம் என்று சொன்ன நாலு பேர்.

நம் மாநிலத்திலும் ஏணியில் கைவைத்த ஒரு அரசாணை உண்டு. 2017இலிருந்து பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிப்பதை நிறுத்தினார்கள். நல்ல காரியம். லட்சக்கணக்கான பிள்ளைகள் தேறிய நாளில் மூன்று பேர் மட்டும் சிரிக்கும் படத்தை மற்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த காலம் முடிந்தது. ஆனால் அரசு நிறுத்தியதைத் தெருமுனை பிளெக்ஸ் நிறுத்தவில்லை. சொந்தக்காரர் போன் நிறுத்தவில்லை. 'எத்தனை மார்க்?' என்று கேட்டுவிட்டு, 'எங்க வீட்டுப் பையன்...' என்று தொடங்குகிறாரே, அந்தப் போனுக்கு எந்த அரசாணையும் இல்லை.

நேரம் ஆகிவிட்டது. டீயும் வந்துவிட்டது. முடிக்கும் முன் வாசகர் வட்டத்திடம் ஒரு கோரிக்கை. தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016இலேயே சட்டமாகிவிட்டது. இந்த நூலகத்தைச் சுற்றி எத்தனை ஊராட்சித் தலைவிகள் இருந்திருக்கிறார்கள்? அவர்களில் ஒருவராவது இந்த மேடையில் ஏறியிருக்கிறாரா? என்னைப் போன்ற ஓய்வுபெற்ற ஆசாமிகளைக் கூப்பிடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். மாதம் ஒரு தலைவியை அழையுங்கள். அவர் கணவரை அல்ல, அவரையே. மைக்கை அவர் கையில் கொடுங்கள். குடிநீர்க் குழாய்க்கு எப்படிப் பணம் வாங்கினேன், பி.டி.ஓ. அலுவலகத்தில் எத்தனை முறை நின்றேன், யார் யார் தடுத்தார்கள் என்று அவர் சொல்லட்டும். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகளை அழைத்து வந்து முன்னால் உட்கார வையுங்கள். அடுத்த மாதக் கூட்டத்திலேயே தொடங்கலாம். அழைப்பிதழ் அச்சடிக்கும் செலவை நான் ஏற்கிறேன்.